மீனுக்கேற்ற துப்பாக்கி

'தண்டர்பால்' படத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1965இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம். அதில் கடைசிக் கட்டத்தில் கடலுக்கடியில் இரண்டு கூட்டம் மோதிக்கொள்ளும். ஆளுக்கொரு துப்பாக்கி. ஆனால் அதிலிருந்து குண்டு பாயாது, ஈட்டி பாயும். படம் முடிந்து வெளியே வந்தபோது, "தண்ணீருக்குள்ளே துப்பாக்கி எப்படி வேலை செய்யும்?" என்று நண்பர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. அன்று யாருக்கும் சரியான பதில் தெரியவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததில், துப்பாக்கியைவிட அதைச் செய்தவர்களின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய கேள்விக்குப் பதில். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. சாதாரணத் தோட்டா சிறியது, வேகம் மிகுந்தது. தண்ணீருக்குள் போனதும் கொஞ்ச தூரத்திலேயே அதன் வேகம் செத்துவிடும். நீளமான, மெல்லிய, கனமான இரும்புக் கம்பி அப்படியல்ல. முனை சிறிதாக இருப்பதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், பின்னால் இருக்கும் கனம் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே நீருக்குள் தோட்டாவைவிட ஈட்டியே மேல்.

மீனை ஈட்டியால் குத்துவது மனிதனுக்குப் புதிதல்ல. நம் சங்கப் பாடல்களிலேயே பரதவர் சுறாவின்மேல் எறியும் கயிறு கட்டிய 'எறியுளி' வருகிறது. ஆனால் அது படகில் நின்று எறிவது. மனிதன் மேலே, மீன் கீழே. மூழ்கிப் போய் மீன் இருக்கும் இடத்திலேயே அதைத் தேடிப் பிடிப்பதற்கு முதலில் கண் தெரிய வேண்டும். வெறும் கண்ணைத் தண்ணீருக்குள் திறந்தால் எல்லாம் மங்கல்தான். கண்ணுக்கும் நீருக்கும் இடையில் கொஞ்சம் காற்று இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். ஜப்பானிலும் பசிபிக் தீவுகளிலும் குளியாட்கள் கண்ணாடி அணிந்து மூழ்கும் வழக்கம் முன்பே இருந்தது. ஐரோப்பாவில் இது பொழுதுபோக்காகப் பரவக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் கை கில்பாட்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர்.

கில்பாட்ரிக் முன்னாள் விமானி. பிரான்சின் தென்கரையில், ஆன்டிப் என்னும் ஊரில் வாழ்ந்தார். தன்னுடைய பழைய விமானக் கண்ணாடியை எடுத்து, அதன் காற்றுத் துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசி, கடலில் இறங்கினார். கையில் ஒரு ஈட்டி. அவ்வளவுதான் கருவி. 1938இல் இந்த அனுபவங்களை ஒரு புத்தகமாகவும் எழுதினார். அதைப் படித்தும், அவரைப் பார்த்தும் கடலில் இறங்கியவர்கள் பலர்.

கையால் குத்துவதில் ஒரு சங்கடம் உண்டு. மீனுக்குக் கை எட்டும் தூரம் போக வேண்டும். சோம்பேறி மீன் என்றால் சரி, பாறையோரம் அசையாமல் நிற்கும். சுறுசுறுப்பான மீன் நிற்குமா? அதோடு இன்னொரு ஏமாற்றமும் இருந்தது. கண்ணாடி வழியாக நீருக்குள் பார்த்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு கிட்டத்திலும் இருப்பதுபோல் தெரியும். கைக்கு எட்டும் என்று நினைத்துக் குத்தினால் ஈட்டி மீனுக்கு முன்னாலேயே நின்றுவிடும். (கரைக்கு வந்ததும் மீன் சின்னதாகிவிடுவதும் இதனால்தான். மீனவர்கள் கதை விடுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது!)

ஆகவே ஈட்டியைத் தள்ள ஒரு விசை தேவைப்பட்டது. ருஷ்யாவிலிருந்து வந்து நீஸ் பகுதியில் வாழ்ந்த அலெக் க்ரமரென்கோ என்பவர் 1930களில் சுருள்வில் வைத்த துப்பாக்கி ஒன்றைச் செய்தார். குழாய்க்குள் ஒரு சுருள்வில், அதை அழுத்தி ஈட்டியைச் செருகிவிட்டு, விசையை இழுத்தால் ஈட்டி பாயும். வேலை செய்தது. ஆனால் உப்புத் தண்ணீரும் எஃகுச் சுருளும் எத்தனை நாள் சேர்ந்து வாழும்? துரு ஏறும். குழாய்க்குள் இருக்கும் தண்ணீரையும் வில் தள்ள வேண்டியிருந்ததால் சக்தியும் வீணாகும்.

அதே காலத்தில் வேறு சில கருவிகளும் வந்து சேர்ந்தன. 1933இல் லூயி த கோர்லியூ என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர் காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடி, துடுப்பு, துப்பாக்கி மூன்றும் கிடைத்துவிட்டால் மூச்சை அடக்கத் தெரிந்த ஒரு மனிதன் என்னென்ன செய்ய முடியும்? ஃப்ரெடெரிக் டுமா என்பவரைப் பற்றிய ஒரு செய்தி போதும். இவர்தான் பிற்காலத்தில் ழாக் கூஸ்தோவின் நெருங்கிய கூட்டாளியானவர். இரண்டு மணி நேரத்தில் 100 கிலோ மீன் குத்துவேன் என்று ஒருமுறை பந்தயம் கட்டினார். ஐந்தே முறை மூழ்கினார். நான்கு பெரிய களவா, பாரை இனத்தைச் சேர்ந்த மீன் ஒன்று. மொத்தம் 127 கிலோ. பந்தயத்தில் ஜெயித்தார். அந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போருக்குப் பிறகு, 1947இல், மார்செய் நகரத்து ஜார்ஜ் பெஷா ரப்பர்ப் பட்டையால் இயங்கும் 'டார்சான்' என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தார். நம் ஊர்ப் பையன்கள் கவண் செய்வார்களே, அதே தத்துவம்தான். ஒரு குழாய், முன்பக்கத்தில் ரப்பர்ப் பட்டை, பின்பக்கத்தில் கைப்பிடியும் விசையும். துப்பாக்கியின் பின்முனையை நெஞ்சில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் ரப்பரை இழுத்து, ஈட்டியில் இருக்கும் வெட்டில் மாட்ட வேண்டும். உள்ளே சிக்கலான உறுப்பு எதுவும் இல்லை, சத்தமும் குறைவு. ரப்பர் வெயிலில் கிடந்து வெடித்துப்போனால் புதிதாக வெட்டி மாட்டிக்கொள்ளலாம். இன்றும் உலகில் பெரும்பாலான ஈட்டித் துப்பாக்கிகள் இந்த வகைதான். இத்தாலியர்கள் காற்றை அழுத்தி வைத்துச் சுடும் வகையையும் வளர்த்தார்கள். அது குட்டையாக இருந்தாலும் பலமானது.

ரப்பர் துப்பாக்கி வந்த பிறகுதான் உண்மையான கைவேலை தொடங்கியது. ஒவ்வொருவரும் தாம் தேடும் மீனுக்கும், மூழ்கும் இடத்துக்கும் ஏற்ப அதை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு தச்சரிடம் ஒரே ஒரு உளி இருக்குமா? அதுபோலத்தான்.

பாறைப் பொந்துக்குள் இருக்கும் களவாவைத் தேடுபவனுக்கு 50, 60 சென்டிமீட்டர் துப்பாக்கி போதும். நீளமானதைப் பொந்துக்குள் திருப்ப முடியாது. தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் இதே கணக்குத்தான். இரண்டு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது நான்கு மீட்டர் பாயும் துப்பாக்கி எதற்கு? கரையோரப் பாறைகளில் பொதுவாகச் சுற்றுபவனுக்கு 75 முதல் 90 சென்டிமீட்டர். தெளிந்த ஆழ்கடலில், கிட்டே வராத மீனைத் தேடுபவனுக்கு 110, 130 என்று நீளம் கூடிக்கொண்டே போகும். ரப்பரை இழுக்க நீளம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு விசை.

ஈட்டியிலும் இதே யோசனைதான். 6 அல்லது 6.5 மில்லிமீட்டர் கம்பி வேகமாகப் போகும், சிறிய, சுறுசுறுப்பான மீனுக்கு ஏற்றது. 8 மில்லிமீட்டர் கம்பி மெதுவாகத்தான் கிளம்பும், ஆனால் பெரிய மீனின் தடித்த செதிலையும் எலும்பையும் துளைக்கும். மெல்லிய கம்பிக்கு அளவுக்கு மீறி ரப்பர் போட்டால் கம்பி பாயும்போதே வளைந்து நெளிந்து குறி தவறிவிடும். அதிக ரப்பர் என்றால் அதிகப் பின்னுதைப்பு. அதைத் தாங்கத் துப்பாக்கியின் உடல் கனமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீரில் மூழ்கிவிடவும் கூடாது. இதற்காகவே பெரிய துப்பாக்கி செய்பவர்கள் மரத்துக்குத் திரும்பினார்கள். அவர்கள் விரும்பிய மரங்களில் முக்கியமானது நம்முடைய தேக்கு. தண்ணீரில் ஊறாது, முறுக்காது, எண்ணெய்ப் பசை உள்ளது. நம் கப்பல்காரர்கள் அறிந்த அதே குணம்தான்.

முனையும் மாறும். சிறிய மீனுக்கு ஒற்றை முனை வைத்தால் சதை கிழிந்து மீன் தப்பிவிடும், ஆகவே மூன்று அல்லது ஐந்து பல் உள்ள முனை. நடுத்தர மீனுக்கு ஒற்றை முனையும், உள்ளே போனதும் விரிந்துகொள்ளும் மடக்கு முள்ளும். ஈட்டி ஒரு நூலால் துப்பாக்கியோடு கட்டப்பட்டிருக்கும். அந்த நூலின் நீளம்தான் குறியின் எல்லை. களவா குத்துப்பட்டதும் பொந்துக்குள் போய்ச் செவுளை விரித்துத் தன்னை இறுக்கிக்கொள்ளும். ஒரே மூச்சில் அதை வெளியே எடுக்க முடியாது. அதற்காகத் துப்பாக்கியின் அடியில் ஒரு ரீல் பொருத்தினார்கள். நூலை விட்டுக்கொண்டே மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போகலாம். பெஷாவே 1948இல் மேலே மிதக்கும் மிதவை ஒன்றையும் அறிமுகப்படுத்தினார். கீழே ஒரு ஆள் இருக்கிறான் என்று படகுக்காரர்களுக்கு அது அடையாளமாயிற்று. துப்பாக்கி செய்தவருக்கு, அதை வைத்திருப்பவன் உயிரோடு திரும்ப வேண்டும் என்ற கவலையும் இருந்திருக்கிறது.

இதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுபக்கத்தில் வேறொரு கூட்டம் தனியாக வேலை செய்துகொண்டிருந்தது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 1933இல் தொடங்கிய 'பாட்டம் ஸ்க்ராச்சர்ஸ்' என்ற சங்கம் அது. கடலடியைச் சுரண்டுபவர்கள் என்று பொருள் சொல்லலாம். அதில் சேருவது எளிதல்ல. ஒரே மூச்சில் முப்பது அடி ஆழத்திலிருந்து மூன்று அபலோன் சிப்பிகளைக் கொண்டுவர வேண்டும், வெறுங்கையால் சுறா பிடித்துக் காட்ட வேண்டும் என்றெல்லாம் தேர்வு வைத்திருந்தார்கள். 1949இல் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழே இவர்களைப் பற்றி எழுதியது.

இவர்களில் ஜாக் ப்ரொடனோவிச், வாலி பாட்ஸ் இருவரும் கைத்தொழில் மேதைகள். அவர்களுடைய சிக்கல் வேறு. அங்கே இருந்தது ராட்சதக் கடல் பாஸ் என்ற மீன். ஆளைவிட நீளம், 200 கிலோவுக்கும் மேல் எடை வளரும். அதைக் குத்தினால் ஈட்டி வளையும், அல்லது முள் பிடுங்கிக்கொண்டு வரும். அவர்கள் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பட்டறைக்குப் போனார்கள். ஈட்டியிலிருந்து கழன்று மீனுக்குள்ளேயே தங்கிவிடும் தலை, உறுதியான நூல், ரீல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். கடைசியில் முனையில் ஒரு துப்பாக்கித் தோட்டாவையே வைத்தார்கள். ஈட்டி மீனில் மோதியதும் தோட்டா வெடிக்கும். தண்ணீரில் ஓடாத தோட்டாவை ஈட்டி சுமந்துபோய் வாசலில் இறக்கிவிட்டது, அவ்வளவுதான். எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும் இனித் தப்ப முடியாது.

இதற்கும் அப்பால் ஆழ்கடலில் சூரை மீனைத் தேடிப் போனவர்கள் இருக்கிறார்கள். அங்கே பாறையும் இல்லை, தரையும் இல்லை, நீலம் மட்டும்தான். மூன்று நான்கு ரப்பர்ப் பட்டை போட்ட பெரிய மரத்துப்பாக்கி, கழன்றுகொள்ளும் முனை. மீனை மனிதன் கையால் பிடித்து நிறுத்த முடியாது, இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே நூலைத் துப்பாக்கியோடு கட்டாமல் மேலே மிதக்கும் மிதவைகளோடு கட்டினார்கள். மிதவைகளை இழுத்து இழுத்து மீன் களைக்கும். டெர்ரி மாஸ் என்பவர் 1982இல் மெக்சிகோவின் குவாடலூப்பே தீவுக்கருகே 398 பவுண்டு, அதாவது 180 கிலோ நீலத்துடுப்புச் சூரையை ஒரே மூச்சில் மூழ்கிக் குத்தினார். தொழில்நுட்பத்தின் உச்சம் என்று இதைச் சொல்லலாம்.

இனிக் கதையின் மறுபக்கம்.

அதே 1982இல்தான் கலிஃபோர்னியாவில் ராட்சதக் கடல் பாஸைப் பிடிப்பதற்குத் தடை வந்தது. இந்த மீன் எழுபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. முட்டையிடும் பருவத்துக்கு வரவே பத்தாண்டுகளுக்கு மேலாகும். கோடையில் இனப்பெருக்கத்துக்காக ஒரே இடத்தில் கூடும். பயமறியாதது, ஆளைக் கண்டால் விலகிப் போகாது. ஒரு ஆளின் ஆயுள் காலத்துக்கு வாழ வேண்டியதை ஒரு நொடியில் எடுத்துவிடலாம். பழியை ஈட்டிக்காரர்கள்மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. தொழில்முறை வலையும் தூண்டிலும் முன்பே பெரும்பகுதியை அள்ளிவிட்டன. ஆனால் மிச்சமிருந்த பெரிய மீன்களைத் தேர்ந்தெடுத்துக் குத்தியவை இந்தத் துப்பாக்கிகள்.

மத்தியதரைக் கடலின் களவாவுக்கும் இதே கதிதான். இந்த மீன் பெண்ணாகத் தொடங்கி, வயதாகிப் பெரிதான பிறகே ஆணாக மாறும். ஆகவே "இருப்பதிலேயே பெரியதைக் குத்தினேன்" என்று பெருமைப்படுபவன், அந்தப் பாறையில் இருந்த ஒரே ஆணைக் குத்தியிருக்கலாம். டுமாவின் பந்தயத்தில் நான்கு களவா போயின என்று சொன்னேன் அல்லவா? அதுபோல எத்தனை பாறைகள், எத்தனை பந்தயங்கள்! பிரான்சு தன் மத்தியதரைக் கடற்கரையில் களவாவை ஈட்டியால் குத்துவதை 1993இல் நிறுத்தியது. காற்றுச் சிலிண்டரோடு மூழ்கி ஈட்டித் துப்பாக்கி பயன்படுத்துவதும் அங்கே குற்றம். மனிதனின் மூச்சு எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம்தான் வேட்டை. ஒருவிதத்தில் அந்தச் சட்டம் மீனுக்கு ஒரு வாய்ப்பைத் திருப்பிக் கொடுத்தது. 1963இல் அமைந்த போர்க்ரோ தேசியப் பூங்காவின் கடலில் இப்போது களவாக்கள் மறுபடி பெருகியிருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் 1960களில் தோட்டா முனை ஈட்டிகளால் சாம்பல் நர்ஸ் சுறாக்களைக் கொன்று குவித்தார்கள். பார்க்கப் பயங்கரமான பல்வரிசை. ஆளைத் தின்னும் சுறா என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் அது சாது. 1984இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தபோது, உலகிலேயே அப்படிப் பாதுகாக்கப்பட்ட முதல் சுறா அதுதான்.

எனக்கு வியப்பளித்த விஷயம், துப்பாக்கியைக் கீழே வைத்தவர்களில் பலர் அதில் தலைசிறந்தவர்கள் என்பது. ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸ் 1937இல் மாணவனாக விடுமுறைக்குத் தென்பிரான்சு போய், கில்பாட்ரிக் குத்துவதைப் பார்த்து ஈட்டி பிடித்தவர். விரைவிலேயே கேமராவுக்கு மாறினார். ஆஸ்திரேலியாவின் ரான் டெய்லர் 1965இல் டஹிட்டியில் நடந்த போட்டியில் ஈட்டி மீன்பிடிப்பில் உலகச் சாம்பியன். மனைவி வாலரியும் சாம்பியன்தான். இருவரும் கொல்வதை விட்டுவிட்டுப் படமெடுக்கப் போனார்கள். 'ஜாஸ்' படத்தில் வரும் நிஜச் சுறாக் காட்சிகள் அவர்கள் எடுத்தவை. பின்னர் சாம்பல் நர்ஸ் சுறாவுக்காகக் குரல் கொடுத்தவர்களும் அவர்களே.

நமக்குப் பக்கத்திலும் ஒரு உதாரணம் உண்டு. 1950களில் இலங்கையின் பேர்பெற்ற ஈட்டி மீனவர் ரோட்னி ஜோங்க்லாஸ். அவரோடு மூழ்கிய நண்பர்கள் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும், புகைப்படக்காரர் மைக் வில்சனும். திருகோணமலையில், போர்த்துக்கீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்கள் சுவாமி மலைக்குக் கீழே கடலில் கிடந்தன. 1956இல் வில்சன் அங்கே மூழ்கி ஒரு லிங்கத்தைக் கண்டெடுத்தார். அது இன்று கோயிலில் இருக்கிறது. மீனை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு கருவியை மேலும் மேலும் நேர்த்தியாக்குவதில் மனிதனுக்கு ஒரு தனி இன்பம் இருக்கிறது. நீளத்தைக் கூட்டினான், கம்பியை மாற்றினான், ரீல் வைத்தான், தோட்டா வைத்தான். ஒவ்வொரு மாற்றமும் அறிவுள்ள மாற்றம், குறை சொல்ல இடமில்லை. ஆனால் முதல் நாளில் கண்ணாடியும் கை ஈட்டியும் மட்டும் இருந்தபோது, மனிதனுக்குத் திறமை இல்லாததே மீனுக்குக் காவலாக இருந்தது. அந்தக் காவலைக் கருவி எடுத்துவிட்டது. பிறகு அதே இடத்தில் சட்டத்தை வைக்க வேண்டியதாயிற்று, அல்லது அந்த மனிதனின் மனசாட்சியை.

கடைசியாக ஒன்று. தொடக்கத்தில் சொன்ன 'தண்டர்பால்' படத்தின் கடலடிக் காட்சிகளை ஒளிப்பதிவு செய்தவர் லாமர் போரன். யார் என்று பார்த்தால், அவரும் சான் டியேகோவின் பாட்டம் ஸ்க்ராச்சர்ஸ் சங்கத்துக்காரர்தான். ராட்சதக் கடல் பாஸைத் துரத்திய அதே கூட்டத்தில் ஒருவர், கையில் கேமராவோடு. அன்று தியேட்டரில் நாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த அந்த நீல உலகம், மூச்சை அடக்கி மீன் தேடியவர்களில் ஒருவரின் கண் வழியாக வந்தது. அடுத்த முறை தொலைக்காட்சியில் அந்தப் படம் போட்டால், சண்டையை விட்டுவிட்டுப் பின்னால் நீந்திப்போகும் மீன்களையும் கொஞ்சம் பாருங்கள்.